அவிஞ்ஞோன் அரை நாளில் முடிகிற ஊரா?

8 மார்ச் — கேள்வி

தெற்கு பிரான்சின் மார்சேயில் நான்கு இரவு தங்குகிறோம். நடுவில் ஒரு நாள் அவிஞ்ஞோன் போய்வரத் திட்டம். போய்வந்தவர்கள் சொல்வது: "பெரிய காலி அரண்மனை, பாதியில் நிற்கும் பாலம், அவ்வளவுதான். மதியச் சாப்பாட்டுக்குள் முடிந்துவிடும்." அப்படியானால் காலையில் அவிஞ்ஞோன், மாலையில் ஆர்ல் என்று ஒரே நாளில் சேர்த்துவிடலாமா? நான்கு பேர், அதில் இருவர் சைவம், ஒருவர் வயது எழுபதுக்கு மேல்.

8 மார்ச், இரவு

சேர்க்கலாம், ரயிலில் இருபது நிமிடத் தூரம்தான். ஆனால் சேர்க்காதீர்கள். மார்சே இரவுகளில் இரண்டை எடுத்து அவிஞ்ஞோன் மதிலுக்குள்ளேயே தங்குங்கள்.

"காலி அரண்மனை" என்பது உண்மை. ஏன் காலி என்று தெரியாமல் நுழைந்தால் ஒன்றரை மணி நேரம் கல் சுவர் பார்த்த அலுப்புதான் மிஞ்சும். அதை நாளை விரிவாக எழுதுகிறேன். முதலில் நிலையக் குழப்பத்தைத் தீர்ப்போம், பலர் தடுமாறுவது அங்கேதான்.

அவிஞ்ஞோனுக்கு இரண்டு ரயில் நிலையங்கள். அவிஞ்ஞோன் சாந்த்ர் மதிலை ஒட்டியே இருக்கிறது. வெளியே வந்து சாலையைக் கடந்தால் நகர வாயில். அதிலிருந்து நேராகப் போகும் ரெப்யூப்ளிக் தெருவில் ஒரு கிலோமீட்டர் நடந்தால் அரண்மனைச் சதுக்கம். அவிஞ்ஞோன் டிஜிவி என்பது 2001-இல் திறந்த அதிவேக ரயில் நிலையம், ஊருக்குத் தென்மேற்கே நான்கு கிலோமீட்டர் தள்ளி. பாரிஸ் லியோன் நிலையத்திலிருந்து வரும் வண்டிகள் பெரும்பாலும் இங்கேதான் நிற்கும் (இரண்டே முக்கால் மணி நேரப் பயணம்). இரண்டு நிலையங்களுக்கும் நடுவே 2013 முதல் ஓர் இணைப்புப் பாதை இருக்கிறது. உள்ளூர் ரயிலில் ஐந்து நிமிடம்.

மார்சேயிலிருந்து: டிஜிவி அரை மணி நேரத்துக்குச் சற்று மேல், இறங்குவது ஊருக்கு வெளியே. உள்ளூர் ரயில் ஒன்றேகால் மணி நேரத்துக்குக் குறையாது, ஆனால் சாந்த்ரில் கொண்டுவிடும், கட்டணமும் முன்பதிவைப் பொறுத்து ஏறி இறங்காது. பெட்டிகளோடு போகும் உங்களுக்கு இரண்டாவதே மேல்.

2019-இல் வந்த டிராமை நம்ப வேண்டாம். அது தெற்கு மதிலை ஒட்டி ஓடுகிறது. மதிலுக்குள்ளும் நுழையாது, டிஜிவி நிலையத்துக்கும் போகாது.

9 மார்ச்

அரண்மனை ஏன் காலி.

போப்கள் 1309-இல் இந்த ஊருக்கு வந்தார்கள், கடைசியாக 11-ஆம் கிரகோரி 1376-இல் கிளம்பி அடுத்த ஜனவரியில் ரோம் போய்ச் சேர்ந்தார். இடையில் ஏழு போப்கள். அரண்மனையின் பெரும்பகுதி இருவர் கட்டியது. 12-ஆம் பெனடிக்ட் எளிமையை வலியுறுத்தும் சிஸ்டர்சிய சபைத் துறவி. 1335-இல் தொடங்கி அவர் எழுப்பிய பழைய அரண்மனை கோட்டை மாதிரி, அலங்காரம் கிடையாது. அவருக்குப் பின் வந்த 6-ஆம் கிளமெண்ட் ஆடம்பரப் பிரியர். புதிய அரண்மனையும் ஓவியங்களும் அவர் காலத்தவை. இந்த ஊரையே 1348-இல் நேப்பிள்ஸ் ராணி ஜொவான்னாவிடமிருந்து 80,000 புளோரினுக்கு வாங்கியவரும் அவர்தான். அதுவரை போப்கள் இங்கே குடியிருந்தார்களே தவிர, ஊர் அவர்களுடையது அல்ல. வாங்கியபின் 1791 வரை ஊர் பிரான்சில் சேரவில்லை. இந்த ஒரு விஷயம் நினைவில் இருக்கட்டும், பின்னால் சாயக்காரர் தெருவுக்கு வரும்போது தேவைப்படும்.

பிறகு நடந்தவை: 1413-இல் தீ விபத்து, பெரிய விருந்து மண்டபத்தின் ஓவியங்கள் போயின. பிரெஞ்சுப் புரட்சியில் தட்டுமுட்டுச் சாமான்கள் சூறையாயின. 1810 முதல் 1906 வரை ராணுவக் குடியிருப்பு. உயரமான மண்டபங்களுக்கு நடுவே தளம் போட்டுப் படுக்கை போட்டார்கள், சுவர்களுக்குச் சுண்ணாம்பு அடித்தார்கள். சிப்பாய்கள் ஓவியங்களில் முகங்களை மட்டும் வெட்டியெடுத்து விற்றார்கள். புனித ஜான் சிற்றாலயத்தில் உடம்பு இருக்கும், தலை இருக்க வேண்டிய இடத்தில் வெறும் சுவர் இருக்கும். அது காலத்தால் உதிர்ந்ததல்ல, கத்தியால் எடுத்தது.

இது தெரிந்து போனால் மிஞ்சியிருக்கும் கொஞ்சத்துக்கு நேரம் ஒதுக்கத் தோன்றும். நிற்க வேண்டிய இடங்கள்:

கருவூலத்தின் கீழ்த்தளம். தரைப் பலகைக் கற்களுக்கு அடியில் காசு மூட்டைகளை ஒளித்த குழிகள். பெரும்பாலோர் அவசரமாகக் கடந்துபோகும் அறை.

போப்பின் படுக்கையறை. நீலச் சுவர் முழுக்கக் கொடிகள், அவற்றில் பறவைகளும் அணில்களும். அதை ஒட்டி மான் அறை, 1343-இல் தீட்டியது. வேட்டை, மீன் குளம், பழம் பறித்தல். ஒரு போப்பின் படிப்பறையில் சாமி படமே இல்லாமல் நாலு சுவரும் காடு. கால் மணி நேரமாவது அங்கே நில்லுங்கள்.

மத்தேயோ ஜொவான்னெத்தி தீட்டிய சிற்றாலயங்கள், பெரிய நியாய மண்டப விதானத்தில் அவரே தீட்டிய தீர்க்கதரிசிகள். கழுத்து வலிக்கும், பார்க்கத்தான் வேண்டும்.

நுழைவுச்சீட்டோடு ஒரு கைக்கணினி கொடுக்கிறார்கள். அறையில் அதைத் தூக்கிப் பிடித்தால் 14-ஆம் நூற்றாண்டில் எப்படி இருந்தது என்று காட்டும். காலி அறைகளில் அது உபயோகம். மான் அறையில் அதைப் பையில் போட்டுவிடுங்கள், உண்மையான சுவரே முன்னால் இருக்கிறது.

9 மார்ச், பின்சேர்க்கை

வயதானவரைப் பற்றிச் சொல்ல விட்டுப்போயிற்று. அரண்மனையில் படிகள் அதிகம், சில இடங்களில் குறுகலாகவும் தேய்ந்தும் இருக்கும். ஆர்லையும் அதே நாளில் வைத்தால் அவருக்கு அதுதான் முதலில் கஷ்டம். சதுக்கத்தின் கல் பாவு சக்கரப் பெட்டிக்கும் ஆகாது, மெல்லிய செருப்புக்கும் ஆகாது. மதிலுக்குள் சிறிய மின்சாரப் பேருந்துகள் ஓடுகின்றன, சந்துகளுக்குள்ளும் நுழையும். களைத்துப்போனால் அதில் ஏறிக்கொள்ளலாம்.

11 மார்ச் — இன்னொரு வாசகர்

"ஜூலையில் போகிறோம். நாடக விழாவும் லாவண்டர் வயலும் ஒன்றாகப் பார்த்துவிடலாம் இல்லையா?"

11 மார்ச்

ஒரே சமயத்தில் நடப்பவைதான், ஆனால் ஒன்று மற்றதைக் கெடுக்கும். விழா ஜூலையில், மூன்று வாரம் வாக்கில். நாடக இயக்குநர் ழான் விலார் 1947-இல் தொடங்கியது. 1966-இலிருந்து அதற்கு இணையாக "ஓஃப்" என்ற வெளிவிழாவும் சேர்ந்துகொண்டது. இப்போது அதில் மட்டும் ஆயிரத்துக்கு மேற்பட்ட நாடகங்கள். பள்ளிக்கூடம், கார் கொட்டகை, சிற்றாலயம் எல்லாம் அரங்குதான். தங்குமிட விலை பல மடங்கு ஏறும், மதிலுக்குள் இரவு ஒருமணி வரை சத்தம் ஓயாது. நாடகம் பிடிக்கும் என்றால் உலகத்தில் இதற்கு நிகரான இடம் குறைவு. ஊரைப் பார்க்க என்றால் வேறு மாதம் தேடுங்கள்.

லாவண்டர் அவிஞ்ஞோனில் இல்லை. கிழக்கே லுபெரோன் பக்கம், வான்தூ மலையடிவாரம் என்று கார் எடுத்துப் போக வேண்டும். பூப்பது ஜூன் நடுவிலிருந்து ஜூலை நடுவரை, உயரமான சோ பகுதியில் இன்னும் சற்றுத் தாமதம். இரண்டுக்கும் ஒத்துவரும் காலம் ஜூன் கடைசி வாரம். பூ வந்திருக்கும், விழாக் கூட்டம் வந்திருக்காது.

விழாக்காலத்தில் அரண்மனை பார்ப்பவர்களுக்கு இன்னொரு தொல்லை. முற்றத்தில் சுமார் 2000 பேர் உட்காரும் இரும்புப் படிக்கட்டு இருக்கைகளை முன்கூட்டியே அடுக்கிவிடுவார்கள். முற்றத்தின் அளவே தெரியாது. அங்கே நாடகம் பார்க்கப் போகிறவர்கள் கோடைதானே என்று மெல்லிய சட்டையோடு போக வேண்டாம். இரவு பத்து மணிக்குத் தொடங்கும், காற்று அடித்தால் போர்வை வேண்டும்.

நம் வாசகர்களுக்கு ஒரு தகவல்: ஆங்கிலேய நாடக இயக்குநர் பீட்டர் புரூக் 1985-இல் மகாபாரதத்தை முதன்முதலில் மேடையேற்றியது இந்த விழாவில்தான். ஊருக்குத் தெற்கே புல்போன் என்ற கல்குவாரியில், ஒன்பது மணி நேர நாடகம், இரவு முழுக்க நடந்து விடியலில் முடிந்தது. திரௌபதி வேடத்தில் மல்லிகா சாராபாய். அந்தக் குவாரி அதன்பின் விழாவின் அரங்குகளில் ஒன்றாகிவிட்டது.

12 மார்ச்

காற்று என்றேன், அதை விளக்க வேண்டும். மிஸ்ட்ரால். ரோன் பள்ளத்தாக்கில் வடக்கிலிருந்து இறங்கும் வறண்ட குளிர்காற்று. மேற்கே உயர் அழுத்தமும் ஜெனோவா வளைகுடாப் பக்கம் தாழ்வழுத்தமும் அமைந்தால் நடுவிலுள்ள பள்ளத்தாக்கு புனல் மாதிரி வேலை செய்யும். மணிக்கு 90 கிலோமீட்டரைத் தாண்டுவது அபூர்வமல்ல. குளிர்காலத்திலும் வசந்தத்திலும் அதிகம். வானம் பளிச்சென்று நீலமாக இருக்கும், ஜன்னல் வழியே பார்த்தால் நல்ல வெயில் நாள் என்றே தோன்றும். வெப்பநிலை 12 என்று போட்டிருந்தால் உடம்புக்கு 5 என்று கணக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

அது அடிக்கும் நாளில் அரண்மனையை ஒட்டிய குன்றின்மேல் இருக்கும் தொம் பாறைப் பூங்காவைப் பூட்டுவதும் உண்டு, ஆற்றுப் படகு ஓடாது, பாலத்தில் நிற்கவே சிரமம். அந்த நாளை அரண்மனைக்கும் அருங்காட்சியகங்களுக்கும் வைத்து, காற்றில்லாத நாளைப் பாலத்துக்கும் அக்கரைக்கும் வையுங்கள். இரண்டு இரவு தங்கச் சொன்னதற்கு இதுவும் காரணம். ஒரே நாள் என்றால் மாற்றிப் போட வழியில்லை.

12 மார்ச், கொஞ்சம் கழித்து

"பாலத்துக்குச் சீட்டு வாங்க வேண்டுமா?" என்று கேட்டிருக்கிறார்கள்.

மேலே நடக்க வேண்டுமானால் வாங்க வேண்டும், அரண்மனையோடு சேர்ந்த கூட்டுச் சீட்டு இருக்கிறது. 12-ஆம் நூற்றாண்டில் கட்டத் தொடங்கியது, 22 வளைவுகள், சுமார் 900 மீட்டர். ரோன் வெள்ளம் திரும்பத் திரும்ப இடித்ததால் 17-ஆம் நூற்றாண்டில் கைவிட்டார்கள். மிஞ்சியவை நான்கு வளைவுகள், நடுவில் ஒரு சிற்றாலயம். நடக்கக் கால் மணி நேரம்.

காசு மிச்சம் பிடிக்க நினைத்தால் பாலத்தின் மேல் போகாமல் அதைப் பார்க்கப் போங்கள். தொம் பாறையின் அடிவாரத்திலிருந்து பார்த்தலாஸ் தீவுக்கு இலவசப் படகு இருக்கிறது (நடுக்குளிர்காலத்தில் ஓடாது). இறங்கிக் கரையோரம் இடதுபக்கம் நடந்தால் பாலமும் மதிலும் அரண்மனையும் ஒரே பார்வையில் வரும். அரண்மனையின் முகப்பு மேற்குப் பார்த்தது, காலையில் நிழலில் கிடக்கும். படம் எடுப்பவர்கள் மாலை நாலு மணிக்குமேல் அக்கரையில் இருக்க வேண்டும்.

இன்னும் மேற்கே வில்நெவ் லெஸ் அவிஞ்ஞோன். அந்தக் கரை பிரெஞ்சு அரசருடையது. அதனால்தான் பாலத்தின் அந்த முனையில் ஒரு காவல் கோபுரமும் குன்றின்மேல் சான்தாந்த்ரே கோட்டையும் போப்பின் ஊரைப் பார்த்தபடி நிற்கின்றன. பேருந்து உண்டு. 1356-இல் 6-ஆம் இன்னசெண்ட் நிறுவிய கர்த்தூசியர் மடம் அங்கே இருக்கிறது, அவர் கல்லறையும் அங்கேயே. அவிஞ்ஞோனில் நூறு பேர் இருந்தால் இங்கே பத்துப் பேர்கூட இருக்க மாட்டார்கள். எழுபது வயதுக்காரருக்கு ஏற்ற பிற்பகல் இது, கோட்டை ஏற்றத்தை மட்டும் தவிர்த்துவிட்டால்.

14 மார்ச் — முதலில் கேட்டவர்

"சரி, இரண்டு இரவு. எந்தக் கிழமை? சைவச் சாப்பாடு கிடைக்குமா?"

14 மார்ச்

கிழமை முக்கியம். ஞாயிறும் திங்களும் பல உணவகங்கள் மூடியிருக்கும். கூரையிட்ட சந்தையான லெ ஆல் திங்களன்று விடுமுறை, மற்ற நாட்களில் காலை மட்டும். பெத்தி பலே அருங்காட்சியகத்துக்குச் செவ்வாய் விடுமுறை. புதன் வந்து வெள்ளி கிளம்புவதுதான் சரி.

சைவம்: கிடைக்கும், ஆனால் "சைவமா?" என்று மட்டும் கேட்டால் போதாது. மீனை மாமிசத்தில் சேர்க்காதவர்கள் உண்டு, பொடியாக நறுக்கிப்போட்ட பன்றி இறைச்சித் துண்டுகளை மறந்துவிடுபவர்களும் உண்டு. "சான் வியாந்த், சான் புவாஸோன், சான் லார்தோன்" என்று மூன்றையும் சொல்லுங்கள்: மாமிசம், மீன், பன்றித் துண்டு எதுவும் வேண்டாம்.

சைவம் போலத் தோன்றி ஏமாற்றுபவை: தப்பநாத் என்ற ஆலிவ் விழுது (பெரும்பாலும் நெத்திலி அரைத்திருப்பார்கள்), ஃபுகாஸ் ரொட்டியில் சில வகை, கீஷ், அடைத்த காய்கறி (உள்ளே கொத்துக்கறி), காய்கறிக் குஸ்குஸ் (குழம்பு இறைச்சி வேகவைத்த நீராக இருக்கலாம்).

நம்பிச் சாப்பிடக்கூடியவை: காய்கறிக் கூட்டான ரத்தத்தூய், அடுக்கிச் சுட்ட காய்கறியான தியான், ஆட்டுப்பால் பாலாடைக்கட்டி சாலட். முட்டை சாப்பிடுவீர்கள் என்றால் பாப்பத்தோன் கேளுங்கள். கத்தரிக்காயை வேகவைத்து மசித்து முட்டை சேர்த்து அச்சில் சுட்டு, தக்காளிச் சாறு ஊற்றித் தருவது. இந்த ஊருக்கே உரியது.

மதியம் 12 முதல் 2 வரைதான் அடுப்பு எரியும், இரவு 7-க்கு முன் கிடையாது. மூன்று மணிக்குப் பசித்தால் ரொட்டிக்கடைதான். ஆகவே லெ ஆல் சந்தையில் காலையிலேயே பழம், ரொட்டி, பாலாடைக்கட்டி வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். தண்ணீர் வேண்டுமானால் "உன் கராஃப் தோ" என்றால் குழாய்த் தண்ணீர் காசில்லாமல் வரும். வெறுமனே தண்ணீர் என்றால் பாட்டில் வரும், பில்லிலும் வரும்.

15 மார்ச்

இலவசமானவற்றைச் சொல்லிவிடுகிறேன். நகராட்சி அருங்காட்சியகங்களின் நிரந்தரக் காட்சிகளுக்கு 2018 முதல் கட்டணம் இல்லை. பெத்தி பலே அவற்றில் ஒன்று, அரண்மனைச் சதுக்கத்தின் கோடியில். தொடக்ககால இத்தாலிய ஓவியங்கள் வரிசையாக, போத்திசெல்லியின் மாதாவும் குழந்தையும் உட்பட. அரண்மனையில் தலையில்லாத ஓவியங்களைப் பார்த்த கையோடு இங்கே வந்தால், அந்தச் சுவர்களில் என்ன இருந்திருக்கும் என்று கண்ணுக்குப் பிடிபடும். இந்த வரிசையை மாற்றாதீர்கள்.

அங்லாதோன் தனியார் அருங்காட்சியகம், கட்டணம் உண்டு. வான்கோ 1888-இல் ஆர்லில் தீட்டிய ரயில் பெட்டிகள் அங்கே இருக்கிறது.

17 மார்ச்

சாயக்காரர் தெரு. இந்த இழையில் நான் மிகவும் எழுத விரும்பியது இதுதான்.

ஊரின் தென்கிழக்கே சோர்க் ஆற்றின் கால்வாய் ஓரமாக ஒரு நிழலான தெரு. தண்ணீர்ச் சக்கரங்கள் நான்கு மிஞ்சியிருக்கின்றன. வழிகாட்டி நூல்கள் "அழகான தெரு" என்று ஒரு வரியில் முடித்துவிடும். நமக்கு அது போதாது.

17-ஆம் நூற்றாண்டில் இந்தியாவிலிருந்து, குறிப்பாகச் சோழமண்டலக் கரையிலிருந்து, சாயமிட்ட பருத்தித் துணிகள் மார்சே வழியே வந்து இறங்கின. துவைத்தாலும் சாயம் போகாத பல நிறப் பருத்தித் துணி ஐரோப்பாவுக்குப் புதிது. நுட்பம் நம் பக்கத்து ஊர்களுடையது: துணியைக் கடுக்காயிலும் எருமைப்பாலிலும் ஊறவைத்து உலர்த்துவது, சிவப்பு வேண்டிய இடத்தில் படிகாரம், கறுப்புக்கு இரும்புக் கரைசல், பிறகு சாயவேரில் கொதிக்கவைப்பது. படிகாரம் பட்ட இடத்தில்தான் சிவப்பு ஒட்டும். நீலத்துக்கு மெழுகு பூசி அவுரித் தொட்டியில் முக்குவது.

பிரான்சில் பட்டு, கம்பளி நெசவாளர்கள் முறையிட, 1686-இல் இந்தத் துணிகளுக்கும் அவற்றைப் பார்த்துச் செய்த நகலுக்கும் தடை போட்டார்கள். தடை 1759 வரை நீடித்தது. 9-ஆம் தேதி சொன்னதை இங்கே பொருத்துங்கள்: அவிஞ்ஞோன் பிரான்ஸ் அல்ல, போப்பின் மண். தடை இங்கே செல்லாது. அச்சுத்துணிப் பட்டறைகள் இங்கே நடந்தன, பிரான்சுக்குள் கள்ளத்தனமாகவும் போயின. 1734-இல் பிரெஞ்சு அரசு போப்போடு ஒப்பந்தம் போட்டு அதையும் நிறுத்தியது.

17 மார்ச், தொடர்ச்சி

அதோடு முடியவில்லை. 18-ஆம் நூற்றாண்டின் நடுவில் ஜான் ஆல்த்தென் என்ற ஆர்மேனியர் இப்பகுதியில் கரான்ஸ் பயிரைக் கொண்டுவந்தார். வேரிலிருந்து சிவப்புச் சாயம் தரும் செடி, நம் மஞ்சிட்டியின் நெருங்கிய உறவு. பிரெஞ்சுச் சிப்பாய்களின் சிவப்புக் காற்சட்டைக்கு இந்தச் சாயம்தான். 1868-இல் ஜெர்மனியில் அதே சிவப்பை ரசாயனமாகச் செய்யக் கண்டுபிடித்தார்கள், சில ஆண்டுகளில் வயல்கள் அழிந்தன. பக்கத்து ஊர் ஒன்றுக்கு அவர் பெயர்: ஆல்த்தென் தே பலூ.

இன்று ஊர்க் கடைகளில் "புரோவான்ஸ் துணி" என்று விற்கும் சின்னப் பூ அச்சுகளின் மூலம் இந்தக் கதைதான். வாங்குவதென்றால் பருத்தியா என்று துணிச்சீட்டைப் பாருங்கள், சுற்றுலாக் கடைகளில் பாலியஸ்டர் மேசைவிரிப்பு நிறைய.

20 மார்ச் — ஒரு வாசகர்

"கார்க்கசோன் இதைவிட நல்லது என்கிறார்களே?"

20 மார்ச்

இரட்டை மதில், 52 கோபுரம், தூரத்திலிருந்து பார்க்கக் கார்க்கசோனை வெல்ல முடியாது. ஆனால் அந்த மதிலுக்குள் குடியிருப்பவர்கள் மிகக் குறைவு, பெரும்பாலும் கடைகள். அவிஞ்ஞோன் மதில் 4.3 கிலோமீட்டர், உள்ளே பள்ளிக்கூடமும் சந்தையுமாக ஊர் நடக்கிறது. கோட்டை வேண்டுமானால் அது, ஊர் வேண்டுமானால் இது. மார்சேயிலிருந்து ஒரே நாளில் கார்க்கசோன் போய்வருவது வீண் அலைச்சல்.

மூன்றாவது நாள் கிடைத்தால் போன் து கார் போங்கள். சாந்த்ர் நிலையத்தின் பக்கத்திலேயே பேருந்து நிலையம். மூன்றடுக்கு ரோமானியக் கால்வாய்ப் பாலம், 49 மீட்டர் உயரம். நீம் நகருக்குத் தண்ணீர் கொண்டுபோன கால்வாய் மொத்தம் 50 கிலோமீட்டர், அவ்வளவு தூரத்துக்கும் சரிவு 13 மீட்டருக்குள். திரும்பும் பேருந்தின் நேரத்தை இறங்கியவுடனே படம் எடுத்துக்கொள்ளுங்கள். ஞாயிற்றுக்கிழமை வண்டிகள் மிகக் குறைவு.

23 மார்ச்

தத்துவம் படித்த ஒருவர் ஜான் ஸ்டூவர்ட் மில் கல்லறை பற்றிக் கேட்டிருந்தார். ஆம், இந்த ஊர்தான். லண்டனில் கிழக்கிந்தியக் கம்பெனியில் 35 ஆண்டு வேலை பார்த்து 1858-இல் ஓய்வு பெற்றார். அதே ஆண்டு பயணத்தின் வழியில் மனைவி ஹாரியட் அவிஞ்ஞோனில் இறந்தார். மில் கல்லறைத் தோட்டத்துக்குப் பக்கத்திலேயே வீடு வாங்கி ஆண்டுதோறும் பல மாதங்கள் இங்கே கழித்தார், 1873-இல் இங்கேயே இறந்து அவரோடு அடக்கமானார். சான் வெரான் கல்லறைத் தோட்டம், கிழக்கு மதிலுக்கு வெளியே. சாயக்காரர் தெருவிலிருந்து கால் மணி நேர நடை.

25 மார்ச்

முதலில் கேட்டவருக்கு, கிளம்பும் நாளுக்காக. வெள்ளிக்கிழமை மார்சேக்கு உள்ளூர் ரயில் என்றால் சாந்த்ர், பிரச்சினை இல்லை. நேரே பாரிஸ் போவதானால் பயணச்சீட்டு எடுக்கும்போதே புறப்படும் இடத்தை அவிஞ்ஞோன் சாந்த்ர் என்று போடுங்கள். டிஜிவி நிலையம் வரையிலான இணைப்பு ரயிலும் அதே சீட்டில் சேர்ந்துவிடும். இரண்டு வண்டிக்கும் இடையே இருபது நிமிடமாவது இருக்கும்படி தேர்ந்தெடுங்கள். டிஜிவி கதவுகள் புறப்பாட்டுக்கு இரண்டு நிமிடம் முன்பே மூடிவிடும். அந்த நிலையத்தின் நடைமேடைகள் மிக நீளம், ரயில் பெட்டி எண்ணுக்கு எதிரே நிற்க வேண்டிய எழுத்தைத் திரையில் பார்த்து முன்கூட்டியே போய் நில்லுங்கள். நீங்கள் கொண்டுபோகும் ஒவ்வொரு பயணப்பெட்டியிலும் பெயர்ச்சீட்டு கட்டாயம்.